பெட்டிக்கு வேர்த்த நாள்

அந்தக் கிடங்கில் அவளை எல்லோரும் டொக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டெய்னர் கதவு திறந்ததும் மற்றவர்கள் ஸ்கேனரை நீட்டுவார்கள். இவளோ விரலை மடக்கி அட்டைப்பெட்டியைத் தட்டிப் பார்ப்பாள். காய்ந்த பெட்டி டொக்கென்று பதில் சொல்லும். ஈரம் ஏறினது சொத்தென்று மழுப்பும். பதினெட்டு வருஷமாகத் தட்டித் தட்டி அவள் விரல் முட்டியே காய்த்துப் போயிருந்தது.

அன்றைக்கு வந்த சரக்கு லேசுப்பட்டதல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரத்தில் மாட்டும் குழாய்கள். வழக்கமான வழியில் ஏதோ சண்டையாம்; கப்பல் உலகத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததில் இருபத்தாறு நாள் தாமதம். ஆஸ்பத்திரிகளிலிருந்து போன் மேல் போன். காலையில் கதவைத் திறந்தவள் அண்ணாந்து பார்த்தாள். கூரைத் தகரம் முழுக்க முத்து முத்தாக நீர். பகல் சூடும் ராக்குளிரும் மாறி மாறி அடித்தால் மூடிய இரும்புக்குள் அப்படித்தான் ஆகும்; கிடங்கில் அதைப் பெட்டிக்கு வேர்ப்பது என்பார்கள். மேல் வரிசையைத் தட்டினாள். சொத்து.

மானேஜருக்குப் போன் போட்டாள். அவர் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தங்கமான பிள்ளை, ஆனால் கண்டெய்னரைத் திரையில் மட்டுமே பார்த்தவர்.

"சார், பெட்டிக்கு வேர்த்திருக்கு."

"சரிக்கா, உடனே ஏற்பாடு பண்றேன்."

பத்தே நிமிஷத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி வந்து இறங்கியது! கண்டெய்னர் பெட்டிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வேர்க்கிறது என்று நினைத்துவிட்டார். சுமை தூக்குகிறவர்கள் சிரித்த சிரிப்பில், லாரிக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரே எழுந்து வந்துவிட்டார்.

சிரிப்புச் சத்தம் மாடிவரை கேட்டிருக்க வேண்டும். மானேஜர் கடுகடுவென்று இறங்கி வந்தார்.

"அட்டைதானேக்கா நனைஞ்சிருக்கு? பச்சை அடிங்க, போகட்டும்."

புது ஏற்பாட்டில் கண்டெய்னர் முழுக்க ஸ்கேனரில் ஒரே அமுக்குதான். பச்சை என்றால் எல்லாம் போகும். சிவப்பு என்றால் எல்லாம் நிற்கும். சோதிக்க ஆள் வரப் பத்து நாள். நடுவில் ஒன்றும் கிடையாது.

"மேல இருக்கறதும் சுவரோரம் இருக்கறதும்தான் சார் ஈரம். நடுவுல காய்ஞ்சிருக்கும். ஒவ்வொண்ணா பிரிச்சுத் தரேன்."

"ஒவ்வொண்ணா எண்ணுற காலமெல்லாம் போயிடுச்சு. பச்சையா, சிவப்பா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப நாளைக்கு நீங்க வர வேண்டியதில்ல."

வீட்டில் புருஷனுக்கு முதுகு ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். உலை கொதிப்பது அவள் ஒருத்தியின் கையால். இருந்தாலும் ஸ்கேனரை அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்களே அமுக்குங்க தம்பி. உங்க நம்பரைப் போட்டு அமுக்குங்க. இந்தக் குழாய் வழியா ஒருத்தரோட ரத்தம் முழுக்க வெளிய போய் உள்ள வரும். ஈரம் குடிச்ச பாக்கெட்டுக்குள்ள என்ன முளைச்சிருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சா அமுக்குங்க."

சார், தம்பியாகிவிட்டார். மானேஜர் ஸ்கேனரை வாங்கினார், பச்சையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொண்டு, கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, மாடியேறிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் போன்.

"குரலே சரியில்லையே, யார்கிட்டயாவது கோபமாப் பேசிட்டியா?"

"சேச்சே. மெதுவாத்தான் முடியாதுன்னு சொன்னேன்."

யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள். "நம்ம அக்கா போச்சுன்னா நாம யாரைக் கிண்டல் பண்றது?" என்று சுமை தூக்குகிறவர்களும் கை கொடுத்தார்கள். ஐந்நூற்று நாற்பது பெட்டி. மத்தியானச் சாப்பாடு தள்ளிக்கொண்டே போனது. நாலு மணிக்கு, காய்ந்த நானூற்று எட்டுப் பெட்டிகள் லாரியில் ஏறின. சந்தேகம் வந்ததெல்லாம் ஓரமாக நின்றது.

வண்டியை வெளியே விட அனுமதிச் சீட்டு வேண்டுமே. மாடியிலிருந்து மானேஜரே கொண்டுவந்தார். நானூற்று எட்டு என்று தன் கையால் எழுதி, தன் கையெழுத்தையே போட்டிருந்தார். லாரி கிளம்பிற்று.

"பச்சையும் இல்லாம சிவப்பும் இல்லாம எப்படிப் போச்சுன்னு மேலிடத்துல கேக்குறாங்கக்கா. நான் உங்களுக்கு மெமோ கொடுத்துத்தான் ஆகணும்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"குடுங்க, அதுக்கென்ன" என்றாள் டொக்கு அக்கா, கையைக் கழுவிக்கொண்டே. "சாப்பிட்டுட்டு வந்து வாங்கிக்கறேன்."