செம்புச் சுருள்

ஏசிக்காரர் எதிலும் விட்டுக்கொடுத்துப் போகிறவர். குழாய் விஷயத்தில் மட்டும் பிடிவாதம். அலுமினியக் குழாயைக் கையால் தொடமாட்டார். "மலிவா வேணும்னா வேற ஆளைப் பாருங்க சார். நான் போட்டா செம்புதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வார். இருபத்தாறு வருஷமாக ஒரு கால் ஏணியிலும் ஒரு கால் ஜன்னல் விளிம்பிலுமாக நின்று அவர் வளைத்துப் பொருத்திய குழாய்களை வரிசையாக நீட்டி வைத்தால் ஊரை ரெண்டு சுற்று சுற்றலாம் என்று அவர் மனைவி சொல்வாள். "நம்ம வீட்டு ஃபேன் கிறீச்சிடுறது மட்டும் அந்தக் காதுல விழாது" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

அவருக்கு ஒரே அக்கா. இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தாள். அத்தான் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனவற்றில் பெரியது, கூடத்தில் சுவரோரமாக நின்ற நாலடிக் கடல்நீர்த் தொட்டி. கல், பவளம், மூன்று மீன், கண்ணாடியில் ஏறிப் பாசி மேயும் நத்தைகள், எண்ணிக்கையில் அடங்காத பூச்சி புழுக்கள். அத்தான் இருந்தவரை அக்கா அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "சக்களத்திக்குத் தண்ணி மாத்திட்டு வாங்க, எனக்கு அப்புறமா காபி கொடுங்க" என்பாள். அவர் போன பிறகு உறவுக்காரர்கள் எல்லாரும் விற்றுவிடச் சொன்னார்கள். அவள் உப்புக் கரைக்கக் கற்றுக்கொண்டாள்.

வேலை முடிந்து வரும் வழியில் ஏசிக்காரர் அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டுப் போவார். காபி ஆறுவதற்குள் அக்கா பாடம் ஆரம்பித்துவிடுவாள்.

"அந்தப் புழுவைத் தொட்டுடாதே. விரல்ல முள்ளு முள்ளா ஏறும். ஆனா நல்லவன். மீன் சிந்தினதையெல்லாம் தின்னு தரையைச் சுத்தமா வச்சுக்குவான்."

"மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"உன் மூஞ்சியைப் பார்த்தாலும்தான் எதுவும் தெரியாது. நம்பி வீட்டுக்குள்ள விடுறாங்க இல்ல?"

"சரி, அது? கல்லு மேல பூ மாதிரி அழகா இருக்கே."

"அதான் சனியன். ஒண்ணை விட்டா ஒரு மாசத்துல நூறாயிடும். பக்கத்துல இருக்கிற பவளத்தைக் கொட்டிக் கொட்டியே தீர்த்துடும். உங்க அத்தான் ஊசி மருந்து வச்சு ஒண்ணொண்ணா குத்துவார்."

அவளுடைய பெரிய பகைவன் ஒரு நண்டு. உடம்பெல்லாம் முடி, சிவப்புக் கண். புதிதாக வாங்கிய கல்லோடு கல்லாக ஒளிந்து வந்தது. வருகிற கல்லை அத்தான் ஆறு வாரம் தனி வாளியில் போட்டு வைத்துப் பார்ப்பார். அக்கா மூன்றாம் நாளே உள்ளே இறக்கிவிட்டாள். அதிலிருந்து அவ்வப்போது ஒரு நத்தை காலி ஓடாகக் கிடக்கும். அதைப் பிடிக்கக் கண்ணாடி டம்ளரில் இறால் துண்டு வைத்துக் கல்லோரம் சாய்த்து வைத்தாள். உள்ளே இறங்கினால் வழுக்கிக்கொண்டு ஏற முடியாது. நாலு மாதம் ஆகியும் நண்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

உயிருக்குயிராக அவள் வைத்திருந்தது மீசைக்காரரை. முதுகில் சிவப்புப் பட்டைக்கு நடுவே வெள்ளைக் கோடு, நீள வெள்ளை மீசை. மீன்களின் வாய்க்குள் புகுந்து அழுக்கு எடுக்கிற இறால். அத்தான் கையை உள்ளே விட்டால் வந்து உட்கார்ந்து நகக்கண்ணைச் சுத்தம் செய்யும். அக்கா கைக்கு அது ஏழு மாதம் வரவில்லை. வந்த அன்று தம்பிக்கு போன் செய்தாள். "வந்துட்டார்டா" என்றாள். யார் வந்தது என்று புரிய அவருக்குச் சற்று நேரமானது. புரிந்ததும் வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் பால்கனியில் போய் நின்றுகொண்டார்.

கோடை வந்தது. தொட்டித் தண்ணீர் முப்பத்தொரு டிகிரியைத் தாண்டியது. அக்கா பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்கவிட்டு அல்லாடினாள்.

"ஏன்க்கா, நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் ஏசிக்காரர்.

ஒரு பழைய சின்ன ஏசியைப் பிரித்து, கம்ப்ரஸரைத் துடைத்து, புத்தம்புதுச் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துத் தொட்டியின் அடியில் இருந்த கீழ்த்தொட்டிக்குள் இறக்கினார். வேறு யாருக்காவது என்றால் இருந்த குழாயையே போட்டிருப்பார். அக்காவுக்கு என்பதால் கடையில் இருந்ததிலேயே கனமானதாக எடுத்தார். தண்ணீருக்குள் அது தங்கம் மாதிரி மின்னியது. சாயங்காலத்துக்குள் இருபத்தாறு டிகிரி.

"உங்க அத்தான் இருந்திருந்தா உன்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆடியிருப்பார்" என்றாள் அக்கா. வாழ்நாளில் அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று அன்று அவருக்குத் தோன்றியது.

ஒன்பதாம் நாள் ஒரு நத்தை மல்லாந்து கிடந்தது. மறுநாள் மூன்று. "அந்தப் பாவிதான்" என்றாள் அக்கா. அடுத்த வாரமே நண்டு பட்டப்பகலில் தானாக வந்து டம்ளருக்குள் விழுந்தது. அவள் கைதட்டிச் சிரித்தாள். வெந்நீர் காய்ச்சி அதன் மேல் ஊற்றினாள். ஆனாலும் நத்தைகள் விழுவது நிற்கவில்லை. "ஜோடி ஒண்ணு இருக்கும்" என்றாள். பவளங்கள் வாயை மூடிக்கொண்டு சுருங்கின.

அக்காவுக்குத் தெரியாமல் பத்து நத்தை வாங்கிக்கொடுத்து மகிழ்விக்கலாம் என்று ஏசிக்காரர் ஒரு சனிக்கிழமை வளர்ப்பு மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் வலையைக் கையில் எடுத்தவர் நிறுத்தினார்.

"மீன் நல்லா இருக்கு, நத்தை மட்டும் சாகுதா? தொட்டியில புதுசா என்ன வச்சீங்க?"

ஏசிக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"செம்பா?" கடைக்காரர் வலையைக் கீழே வைத்தார். "அய்யய்யோ. உப்புத் தண்ணியில செம்பு கரையும் சார். மீன் தாங்கும். நத்தை, இறால், நண்டு, பவளம் எதுவும் தாங்காது. கடல்நீர்த் தொட்டிக்கு டைட்டானியம் போடுவாங்க. செம்பைக் காட்டவே கூடாது."

"அந்த நண்டு பகல்ல வந்து மாட்டிச்சே..."

"அதுவும் செத்துக்கிட்டிருந்திருக்கும். உயிரோட இருக்கிறதை இன்னைக்கே எடுத்துட்டு வாங்க. என் தண்ணியில விட்டு வைக்கிறேன். பிழைச்சாலும் பிழைக்கும்."

அக்கா வீட்டுப் படியேறும்போது, போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். கதவைத் திறந்த அக்கா, "பாரு, எது செத்தாலும் மீசைக்காரர் அசையலை. கெட்டிக்காரர்" என்றாள். கல்லுக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு இறால் மீசையை ஆட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"கேஸ் கசியற மாதிரி இருக்குக்கா. சுருளைக் கழட்டிச் சரி பண்ணிட்டு வரேன்" என்றார். கழற்றினார். தண்ணீர் தெளியும் என்று சொல்லிக் கரிப்பொடிப் பை ஒன்றை உள்ளே போட்டார். தண்ணீர் சூடேறாமல் இருக்க இரண்டு மேசை ஃபேன் வைத்தார். விஷத்தை எடுத்தாகிவிட்டது, இனி தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை மீசைக்காரர் மேலோட்டுச் சட்டையை உரிக்கும்போது பாதியிலேயே செத்துப்போனார். அக்கா அழவில்லை. அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு மத்தியானம்வரை தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஏசிக்காரர் குழாயை ஒரே இடத்தில் இரண்டு தடவை வளைத்து நசுக்கினார். ஒரு வீட்டில் ஓட்டையைத் தப்பான இடத்தில் போட்டார். மனைவி என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். அக்கா வீட்டுக்குப் போவதைத் தவிர்க்கவும் முடியவில்லை, போய் உட்காரவும் முடியவில்லை. காபி வந்ததும் வாய் சுடச் சுடக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

இரண்டாவது சனிக்கிழமை போனபோது தொட்டி விளக்கு அணைந்திருந்தது.

"சாயங்காலம் ஒருத்தர் வரார்" என்றாள் அக்கா. "தொட்டி, கல்லு, மீன் எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்னுட்டார்."

"என்னக்கா திடீர்னு?"

"ஆறு வாரம் வாளியில வைடின்னு உங்க அத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னதுதானே. எனக்குப் பொறுமை இல்லை. நண்டை நானே கொண்டுவந்து உள்ள விட்டேன்." தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கும் அப்படித்தான். நெஞ்சு வலிக்குதுன்னார். வாயுவா இருக்கும்னு வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். காலையில பார்த்துக்கலாம்னேன். என் கையில ஒரு உயிரைக் கொடுக்கக்கூடாதுடா."

"அக்கா, நண்டு இல்லை."

"என்ன நண்டு இல்லை?"

"நண்டு கொல்லலை. என் செம்பு. சுருள்ல இருந்து தண்ணியில கரைஞ்சிருக்கு. நத்தை, பவளம், எல்லாம் அதுலதான். கடைக்காரர் சொன்னார்."

துணி நின்றது. அவள் தொட்டியைப் பார்த்தாள், பிறகு அவரை.

"அதனாலதான் கழட்டினியா? கேஸ் கசியலை?"

"இல்லை."

"எப்ப தெரியும் உனக்கு?"

இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் கை இன்னும் துணியோடு விளிம்பில் இருந்தது.

"மீசைக்காரர் உயிரோட இருக்கும்போதே. கடைக்காரர் அன்னைக்கே எடுத்துட்டு வரச் சொன்னார். பிழைச்சாலும் பிழைக்கும்னார். உன்கிட்ட சொல்லணுமேன்னு எடுக்கலை."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியை மடியில் போட்டுக்கொண்டு, "அந்த நண்டு மேல வெந்நீர் ஊத்திட்டுக் கைதட்டினேனேடா" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமலே, "நீ போ" என்றாள்.

படியிறங்கும்போது அவள் போனில் பேசுவது கேட்டது. வர வேண்டாம், தொட்டியைக் கொடுக்கவில்லை என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேனில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறிப் போய் நின்றார். அக்கா கதவைத் திறந்தாள், பேசவில்லை. அவர் பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்து, உப்புக் கரைத்த புதுத் தண்ணீரை ஊற்றி, கரிப்பையை மாற்றிவிட்டுப் போனார். காபி கிடையாது. இப்படிப் பதினொரு ஞாயிறு. கடைக்காரர் கொடுத்த சோதனைக் குழாயில் செம்பின் அளவைக் காட்டும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. கல் உறிஞ்சிக்கொண்ட செம்பு எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கக்கும் என்றும் அவர் எச்சரித்திருந்தார்.

பன்னிரண்டாவது ஞாயிறு, மேசைமேல் பாலிதீன் பையில் ஒரே ஒரு நத்தை இருந்தது. அக்கா வாங்கி வைத்திருந்தாள். அவர் அதை மெதுவாகத் தண்ணீருக்குப் பழக்கி, கண்ணாடி ஓரமாக விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அது ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. பிறகு கால் வெளியே வந்தது.

"ஏறிச்சா?" சமையலறையிலிருந்து குரல்.

மூன்று மாதத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. அவர் கண்ணாடிக்கு அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "ரெண்டு விரக்கடை ஏறியிருக்கு" என்றார்.

"விழுந்தா விழுந்துடுச்சுன்னு சொல்லு."

"சொல்றேன்க்கா."

அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.