மாற்றாத தண்ணீர்

செட்டிபாளையத்தில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். வேலிக்குப் பின்னால் தார்ப்பாய்த் தொட்டியில் தேநீர் நிறத் தண்ணீர். காற்றுக்குழாய்கள் அதைக் கொதிப்பதுபோல் குமிழவைக்கின்றன. உள்ளே திலாப்பியா மீன் வளர்க்கும் புவனேஸ்வரி, அடி வெட்டிக் கவிழ்த்த சோடாப் போத்தலில் அதை அள்ளி ஊற்றி, எவ்வளவு மண்டி படிகிறது என்று பார்க்கிறார்.

“தண்ணி ஊத்தையா இருக்கே, மாத்த மாட்டீங்களா?” என்று கேட்கிறேன்.

“ஊர்ப் பேச்சக் கேட்டு ஒருக்கா மாத்தினன். மீனெல்லாம் செத்து மிதந்திச்சு. இந்த மண்டியில இருக்கிற நல்ல கிருமிதான் மீன்ட கழிவத் தின்னுது. மீன் மண்டியத் தின்னுது. இனி ஆர் சொன்னாலும் மாத்தமாட்டன்.”

சைக்கிளில் போகிற ஒருவர், “இன்னும் சாக்கடதான் வளக்கிறியா?” என்று கத்திச் சிரிக்கிறார்.

புவனேஸ்வரி அந்தக் கிருமிகளுக்கென்று வாளியில் கரைத்த கரும்புப் பாகைத் தூக்கி, அவர் பார்க்கவே தொட்டியில் ஊற்றுகிறார்.

“ஓம் அண்ண, அதுக்குத்தான் சாப்பாடு போடுறன்.”