மூடுபனிக்கு ஐந்து மதிப்பெண்

ஏற்காட்டில் தமிழாசிரியையாக இருந்த காலத்தில் வானத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். நோட்ஸ் புத்தகத்தில் போட்டிருந்ததே! மூடுபனி துன்பத்தின் குறியீடு. சூரியன் நம்பிக்கையின் உருவகம். பாடப்புத்தகத்துக் கவிதையில் ஒரு குழந்தை சிலேட்டைக் கட்டிக்கொண்டு பனிக்குள் நிற்கும். கடைசி வரியில் வெயில் வரும், குழந்தை சிரிக்கும். இதைப் போர்டில் எழுதிப்போட்டு ஒரு வாரம் கோரஸாகச் சொல்ல வைத்தேன். எனக்குச் சேலத்தில் வீடு. தினமும் அடிவாரத்தைத் தாண்டியதுமே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுங்குகிறவளுக்குப் பனி துன்பம் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரையாண்டுத் தேர்விலும் அதே கேள்விதான்: ‘கவிதையில் குழந்தைப் பருவமும் நம்பிக்கையும் எவ்வணிகளால் வெளிப்படுகின்றன?’ ஐந்து மதிப்பெண். போர்டில் நான் அடித்துத் திருத்திய இடத்தைக்கூடப் பிள்ளைகள் அடித்துத் திருத்தி எழுதியிருந்தார்கள். மனசு குளிர்ந்துபோனது.

ஒருத்தி மட்டும் மாற்றி எழுதியிருந்தாள். நாகலூர்ப் பக்கத்துப் பெண், ஒன்பதாம் வகுப்பு. ‘பனிதான் நம்பிக்கை. வெயில் வந்ததும் குழந்தை சிரித்தது என்று கவிஞர் சொல்வது பொய்.’ கவிஞரையே பொய்யர் என்கிறாளே! நான் அழுத்திப்போட்ட பூஜ்யம் அடுத்த பக்கத்திலும் பதிந்துவிட்டது. மொத்தம் முப்பத்து மூன்று. இரண்டு மதிப்பெண்ணில் ஃபெயில்.

பேப்பர் கொடுத்த அன்று எல்லோரும் போன பிறகும் அவள் நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், ஃபெயிலுன்னா எங்கப்பா பள்ளிக்கூடத்தையே நிறுத்திப்போடுவாருங்க.”

“ஏன் கண்ணு, வெயில் எப்படித் துன்பமாகும்? எந்த நோட்ஸில் போட்டிருக்கு?”

“வெயிலடிச்சா எங்க காட்டுக் காப்பியைக் களத்துல காயப்போடுவமுங்க. நாளு பூரா கிளறி விடோணும், இல்லீன்னா பூசணம் புடிச்சுரும். ஊட்டுல எல்லாரும் பழம் பறிக்கப் போயிருவாங்க, நாந்தானுங்க நிக்கோணும். பனி எறங்கிட்டா படுதாவைப் போட்டு மூடிட்டு இங்க ஓடியாந்துருவேன். காத்தால கதவைத் தொறந்ததும் பனி இருக்குதான்னுதானுங்க பார்ப்பேன்.”

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். நான் ஸ்வெட்டருக்குள் இருந்து சபித்த நாளெல்லாம் அவள் வந்திருந்தாள்.

எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் டீச்சர் வீம்பு லேசில் விடுமா? “விடைக்குறிப்பில் இல்லையே. தலைமையாசிரியரைக் கேட்கணும். நாளைக்கு வா, பார்க்கலாம்” என்று பேப்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். அங்கேயே ஐந்து போட்டிருந்தால் கை என்ன ஒடிந்தா போயிருக்கும்!

தலைமையாசிரியர் விடைக்குறிப்பைப் பார்த்தார். கவிதையைப் பார்க்கவில்லை. “ஒம்பதாவது படிக்கிற புள்ளைக்குக் கவிதையை விளக்க யாருங்க அதிகாரம் குடுத்தது?” என்றார். அடேயப்பா, நல்ல கேள்வி. வெளியே வந்து, எந்த அதிகாரமும் இல்லாமல் ஐந்து போட்டேன். முப்பத்தெட்டு. பாஸ்.

மறுநாள் பளீரென்று வெயில். ஸ்டாஃப் ரூமில் ஒரே கொண்டாட்டம். வகுப்பில் அவள் இடம் காலி. அடுத்த நாளும் வெயில், அடுத்த நாளும் காலி. நிஜமாகவே நிறுத்திவிட்டார்களோ என்று பயந்துபோனேன். சனிக்கிழமை பேப்பரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினேன்.

களத்தில் வெறுங்காலோடு காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பேப்பரைப் பார்த்ததும் ஒரு குதி குதித்தாள். “அப்பா, பாஸுங்கப்பா!” என்று கத்தினாள்.

அப்பா மூட்டையை இறக்கி வைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

“நொம்ப சந்தோசமுங்க டீச்சர். நிறுத்தலீங்க, படிக்கட்டுமுங்க” என்றார். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “பனி மட்டும் எறங்கட்டுமுங்க, ஒடனே அனுப்பி வெக்கிறேன்.”

நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை.