பொம்மை ரயிலில் அப்பா

இன்று குடும்பத்தோடு மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போய்விட்டு, சற்றுமுன்தான் ஆம்பூரில் வந்து இறங்கினோம்.

தாத்தா காலத்து டிராம் இப்போது மெட்ராஸில் இல்லை. பொருட்காட்சியில் பொம்மை ரயில் இருக்கிறது. அப்பாவோடு அதில் போக வேண்டும் என்று தங்கை போன வருடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் பக்கத்துலயே உக்காரணும்ப்பா."

"வர்றேன்மா. இன்னா அவசரம்."

தோல் பதனிடும் டேனரியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர். ரயிலில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்.

கிளம்புவதற்கு நீளமாக விசில் ஊதினார்கள். அப்பா சட்டென்று எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தார். ஷிப்ட் சங்கு ஊதினால் எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள்.

வெளியே என்னோடு நின்றிருந்த அம்மா, "அது உங்க கம்பெனி சங்கு இல்லீங்க" என்றாள்.

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அப்பா கையசைத்தார். தங்கை பக்கத்துக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வழி முழுக்கத் தூங்கவில்லை. அவள்தான் தூங்கிவிட்டாள்.

விசில் ஊதாமல் கிளம்பும் ரயில் எந்த ஊரில் ஓடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.