கீபோர்டை மூடிய பிரேமலதா

கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனவர்களுக்கு பிரேமலதாவின் முதுகு தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டிடிபி கடையில் அவள் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். வந்தவர் தாய்மாமன் பேரைச் சொல்லி, பட்டத்தைச் சொல்லி, மூச்சு விடுவதற்குள் அத்தனையும் திரையில் ஏறியிருக்கும். தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்ரைட்டிங்கிலும் ஹையர் பாஸ் செய்தவள். கீபோர்டைக் குனிந்து பார்க்கவே மாட்டாள்.

அவள் கையெழுத்தையோ கண்கொண்டு பார்க்க முடியாது. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அவளுடைய பரீட்சைப் பேப்பரை அவளிடமே கொடுத்து, "இத நீயே வாசி பாப்போம்" என்றார். அவளுக்கும் வாசிக்க வரவில்லை. வகுப்பே சிரித்தது. பிறகு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தபோதுதான் தன்னுடைய எழுத்து தாளில் நேராக நிற்பதை முதன்முதலாகப் பார்த்தாள். அன்றிலிருந்து பேனா என்றால் அவளுக்கு ஆகாது.

அந்தச் சுவரைவிட்டு எழுந்து வெளியே போக 2006 புரட்டாசியில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. கரிசல் கிராமங்களில் வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன நோய் என்று கணக்கெடுக்க ஒரு தொண்டு நிறுவனம் ஆள் எடுத்தது. பேப்பர் கிடையாது, டேப்லட் என்றார்கள். பார்த்தால் சின்ன லேப்டாப் மாதிரிதான் இருந்தது. விரித்தால் கீபோர்டு. திரையைத் திருப்பி மேலே படுக்கப் போட்டால் கீபோர்டு மறைந்து சிலேட்டு ஆகிவிடும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பேனாவால் எழுதலாம். எழுதியதை அது படமாக வைத்துக்கொள்ளும். தமிழ்க் கையெழுத்தைப் படிக்க அதற்குத் தெரியாது.

தட்டுவதா, எழுதுவதா, எது தோது என்று நிறுவனத்துக்கே தெரியவில்லை. அதனால் நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஒரு வாரம் சோதனை வைத்தார்கள். பிரேமலதாவுக்குக் கீபோர்டு. முத்துசெல்வத்துக்குப் பேனா. முத்துசெல்வம் சுவர் விளம்பரம் எழுதி வந்தவர், முத்து முத்தான கையெழுத்துக்காரர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். பொறுப்பாளர் ராமசுப்பு கிளம்பும்போதே சொல்லிவிட்டார்: "எது ஜெயிக்குதோ அத வச்சிருந்தவங்கதான் மாவட்டம் முழுக்க மத்தவங்களுக்கு ட்ரெயினிங் கொடுக்கணும். நிரந்தர வேலை."

முதல் நாள் சாயங்காலமே பிரேமலதா ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. தெருவின் ஒரு பக்கம் முழுவதையும் அவள் முடித்துவிட்டாள். எதிர்ப்பக்கத்தில் முத்துசெல்வம் பாதிகூடத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரை ஒரு வழி செய்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எழுதினது காஞ்சிட்டா? இல்ல, ரெண்டாவது கோட்டிங் அடிக்கணுமா?"

"சிரி தாயி, சிரி. நீ தட்டுத சத்தத்துல அந்தூரு கோழியெல்லாம் கம்புன்னு நெனச்சு ஓடி வருது."

"நீங்க எழுதுதது வெறும் படம் அண்ணாச்சி. நாளைக்கு மெட்ராஸ்ல ஒருத்தரு, காச்சல் எத்தன பேருக்குன்னு தேடினா கெடைக்குமா? என் மிஷின்ல ஒரு தட்டு, வந்து நிக்கும்."

அவள் சொன்னது சரிதான்.

ஆனால் இரண்டாம் நாள் ஒரு இடைஞ்சல் முளைத்தது. குடும்பத்தலைவர் பேர் என்று ஒரு கட்டம் உண்டு. அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாரும் விதைப்புக்குப் போயிருந்தார்கள். வீட்டில் இருந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆவுடைத்தாய் என்ற பெண்ணிடம் கேட்டபோது அவள் வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்து வீட்டைக் கை காட்டினாள்.

"அவகிட்ட கேளுங்க, சொல்லுவா."

பக்கத்து வீட்டுக்காரி தலையில் கை வைத்தாள். "ஆத்தாடி, அவிய எனக்கு மூத்தாரு முறையில்லா! நான் எப்படிச் சொல்ல?"

தெரு முழுக்க ஒரே சொந்தம். ஒருத்திக்கு மாமனார், ஒருத்திக்கு மூத்தார், அதாவது புருஷனின் அண்ணன். சொல்ல ஆளே இல்லை. பிரேமலதா கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அப்படிக் காலிக் கட்டங்கள் பெருகிக்கொண்டே போயின.

மத்தியானம் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தாள். முத்துசெல்வம் வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சிலேட்டு ஒரு பெண்ணின் மடியில் இருந்தது. அவள் பசைக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'கொம்பையா' என்று திரையில் எழுதிக்கொண்டிருந்தாள். வாயால் சொல்லத்தான் கூடாது, எழுதலாம் போலிருக்கிறது. அறிவொளி முதியோர் கல்வி வகுப்பில் படித்த எழுத்து, கோணல்மாணலாக இருந்தது. எழுதி முடித்ததும் அவளே பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கே வேலை!" என்றாள் பிரேமலதா. "அவியள எழுத விட்டுட்டு நீங்க காத்து வாங்குதியளாக்கும்?"

"என்ன செய்ய தாயி? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காவ. பேனாவக் கொடுத்தா எழுதிருதாவ."

சோம்பேறித்தனம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனாலும் அவர் பக்கத்தில் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை என்பதைப் பார்த்துவிட்டாள். அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வெயிலுகந்தம்மாள் வீட்டுக்குப் போனாள். வெயிலுகந்தம்மாள் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் டக்டக்கென்று பதில் சொன்னாள். மருமகள் பொன்மணி உள்ளே கதவு நிலைக்கு அந்தப் பக்கம் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை தூங்கியது.

"வீட்டுல யாருக்காவது காச்சல்?"

"இல்ல."

"வயித்தால போறது?"

"இல்ல."

"ரொம்ப நாளா இருமல்?"

"இல்லங்கேன்லா."

கேள்வி முடியும்போதே 'இல்லை' என்று பிரேமலதாவின் விரல் அடித்துவிட்டிருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. சேலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுகிற சத்தம். பிரேமலதா தலையை நிமிர்த்தினாள். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் யாருடைய முகத்தையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொன்மணியின் கழுத்தெலும்பு தெரிந்தது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

"மதினி, ஒங்களுக்கா இருமல்?"

"அது பசை வாசம் ஒத்துக்கல," என்று மாமியார் முந்திக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணும் இல்ல. நீ அடுத்தத கேளு தாயி."

பொன்மணி ஒட்டுவதை நிறுத்தினாள். பிரேமலதாவையே பார்த்தாள். அந்த ஊரில் போன வருஷம் இந்த இருமல் வந்த ஒரு பெண்ணைப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று முதல் நாளே யாரோ சொல்லியிருந்தார்கள்.

பிரேமலதா திரையைத் திருப்பினாள். கீபோர்டின் மேல் அதைப் படுக்கப் போட்டு, ஓரத்தில் செருகியிருந்த பேனாவை உருவினாள். வாங்கிய நாளிலிருந்து அவள் தொடாத பேனா.

"பெரியம்மா, வீட்டுத்தலைவர் பேரு வேணும். ஒங்க மகன் பேரத்தான் போடணும். மதினி வாயால சொல்ல மாட்டாவள்லா? அவியளே எழுதட்டும்."

அதற்கு வெயிலுகந்தம்மாள் என்ன சொல்ல முடியும்? மருமகள் புருஷன் பேரைச் சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பெருமைதானே.

"எழுதட்டும், எழுதட்டும். எட்டு வரைக்கும் படிச்சவதான்."

பொன்மணி சிலேட்டை மடியில் வாங்கினாள். 'தவசி' என்று எழுதினாள். பேனாவை எடுத்துவிட்டுப் பிரேமலதாவைப் பார்த்தாள். பிரேமலதா கட்டத்துக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான். பொன்மணி மறுபடி குனிந்தாள்.

"என்னட்டி, பேரு இம்புட்டு நீளமா?" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

"மாமனார் பேரு, ஊரு பேரு எல்லாம் சேத்து எழுதச் சொல்லியிருக்கேன் பெரியம்மா. மெட்ராஸ்காரன் கேக்கான்."

"அவனுக்கு என்னத்துக்கு எங்க குடும்பக் கதையெல்லாம்," என்று முணுமுணுத்துவிட்டு அவள் வெற்றிலையை எடுத்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

சிலேட்டு திரும்பி வந்தது. 'சளியில ரத்தம் வருது. ரெண்டு மாசமா. சொல்லாதீங்க.'

பிரேமலதா பேனாவைச் செருகிக்கொண்டு எழுந்தாள். "போயிட்டு வாரேன் பெரியம்மா" என்றாள்.

சனிக்கிழமை கோவில்பட்டி ஆபீஸில் ராமசுப்பு இரண்டு மிஷினையும் மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரேமலதாவின் வீடுகள் முத்துசெல்வத்தின் வீடுகளைப் போல் இரண்டு மடங்கு. பேர்க் கட்டம் சிலது காலி, மற்றதெல்லாம் சுத்தமான எழுத்து, தேடினால் கிடைக்கிற எழுத்து.

"அப்ப கீபோர்டுதான்," என்றார் அவர். "பிரேமலதா, திங்கக்கிழமையிலருந்து நீ ட்ரெயினிங் ஆரம்பிச்சிரு."

அவள் இதற்காகத்தான் வந்தாள். சரி சார் என்று சொன்னால் போதும். அவள் எழுந்து தன் மிஷினைத் திறந்து ஒரு பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். வீட்டு எண்ணும் பேரும் இருந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"மேல பாருங்க சார். இருமல், இல்லன்னு போட்டுருக்கு. அது நான் தட்டுனது. கீழ பாருங்க. அது அந்த வீட்டுப் பொண்ணு எழுதுனது."

ராமசுப்பு படித்தார். முத்துசெல்வமும் எட்டிப் பார்த்தார்.

"கையை எடும்மா. யாரு வீடு?"

"அது வேண்டாம் சார். அந்தத் தெருவுல எல்லாரும் தீப்பெட்டி ஒட்டுதாவ. நர்ஸம்மாவக் கூட்டிட்டுப் போயி எல்லாருக்கும் சளி எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ஒரு வீட்டுக்கு மட்டும் போயிராதீங்க." அவள் மிஷினை மூடினாள். "என் கையில கீபோர்டு இருந்தா நான்தான் பேச முடியும். பேனாவ அவிய கையில கொடுக்கலாம். பேனாவே வாங்குங்க சார்."

"அப்ப ட்ரெயினிங்?"

"அண்ணாச்சி கொடுக்கட்டும். அவியதான் மொதல்ல கொடுத்தாவ பேனாவ."

முத்துசெல்வம் கூச்சத்தில் தலையைச் சொறிந்தார். "நான் எங்க தாயி யோசிச்சுக் கொடுத்தேன். வெயிலு தாங்கல, கொடுத்தேன்."

ராமசுப்பு விடவில்லை. "எல்லாம் படமால்ல வந்து குமியும்? மாவட்டம் பூராவும் கோணக் கையெழுத்து. இத யாரு படிச்சு ஏத்துவா?"

"நான் ஏத்துதேன்," என்றாள் பிரேமலதா. "என் கையெழுத்தோடயே மல்லுக்கட்டி வாசிச்சுப் பழகுனவ நான். எனக்கு எல்லாக் கையெழுத்தும் வரும்."

இப்படித்தான் பிரேமலதா மறுபடியும் ஒரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முத்துசெல்வம் ஊர் ஊராகப் போனார். பசை ஒட்டிய விரலும், கரிசல் மண் அப்பிய விரலும் எழுதியவை படம் படமாக வந்து சேர்ந்தன. அவள் திரையில் ஒன்றைப் பார்ப்பாள், பத்து விரலும் ஓடும், அடுத்தது வரும். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாக யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் தெருவில் நர்ஸம்மா போய் எல்லாரையும் வரிசையில் உட்கார வைத்துச் சளி எடுத்தார். வெயிலுகந்தம்மாளும் திட்டிக்கொண்டே கொடுத்தாள். இரண்டு பேருக்கு மாத்திரை கொடுக்க வேண்டி வந்தது. ஒருத்தி பொன்மணி. இன்னொருத்தி வெயிலுகந்தம்மாள். மாமியாரும் மருமகளும் ஒரே தம்ளர் தண்ணீரில் மாத்திரை போடுகிறார்கள் என்று முத்துசெல்வம் வந்து சொன்னார். யாரும் யாரையும் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் பொன்மணி எழுதிய பக்கம் பிரேமலதாவின் திரைக்கு வந்தது. தான் அடித்த 'இல்லை'யை முதலில் அழித்தாள். 'தவசி' என்று அடித்தாள். 'சளியில ரத்தம் வருது. ரெண்டு மாசமா.' என்று அடித்தாள். அங்கே விரல் நின்றது. 'சொல்லாதீங்க' என்ற கடைசி வரி சென்னைக்கோ கணக்குக்கோ எழுதியதில்லை, அவளுக்கு எழுதியது. அதை அவள் ஏற்றவில்லை. அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.