தில்லி மேடையில் என் மகள் பேசிய தமிழ்

பள்ளிப் படிப்பை முடிக்கும் சிறந்த மாணவர்களை நாடு முழுவதிலிருந்தும் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் திட்டம் ஒன்றில் என் மகளும் தேர்வானாள். அவள் பியூசி இரண்டாம் ஆண்டு, அதாவது கர்நாடகத்துப் பன்னிரண்டாம் வகுப்பு, முடித்திருந்த நேரம். நான் மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தேன். "அம்மா, செலக்ட் ஆகிட்டேன்! தில்லிக்குப் போகணும்!" என்று போனில் அவள் கத்தியது வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். நான் நர்ஸ் என்பதை மறந்து நானும் கத்தினேன்.

மதிப்பெண் மட்டும் இருந்தால் அதில் தேர்வாகிவிட முடியாது. படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று நேர்காணலில் துருவித் துருவிக் கேட்டிருக்கிறார்கள். மைசூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே அடுக்குமாடி ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே வேலை செய்தன. கன்னடம் தெரியாததால் அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் மணல்மேட்டிலேயே விளையாடிக்கொண்டிருப்பார்கள். இவள் பியூசி கல்லூரி விட்டு வந்ததும் அங்கே போய் உட்கார்ந்து அவர்களுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுப்பாள். பரீட்சை சமயத்திலும் விடவில்லை.

"உம் படிப்பப் பாரு கண்ணு" என்பேன்.

"சும்னே இரும்மா, அவங்க காத்துட்டிருக்காங்க" என்று கன்னடம் கலந்து என்னை அடக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

விழாவுக்கு வீட்டிலிருந்து ஒருவர் வரலாம் என்றார்கள். என்னைத்தான் கூட்டிப்போனாள். பதக்கம் வாங்கியவர்கள் தங்கள் தாய்மொழியில் இரண்டு வரி பேச வேண்டும். இவள் கன்னடத்தில்தான் பேசுவாள் என்று நினைத்தேன். நான் தமிழில் கேட்டால் பாதி நேரம் கன்னடத்தில் பதில் சொல்கிறவள்.

மைக்கைப் பிடித்தவள், "எங்க தெருப் புள்ளைங்களுக்கு நான் கன்னடம் சொல்லிக்குடுத்தேன். அதுங்க எனக்குத் தமிழ் சொல்லிக்குடுத்துச்சுங்க" என்றாள். அப்படியே அந்தப் பிள்ளைகளின் பேச்சு! நான் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பெண்மணி, உங்கள் மகளா என்று ஜாடையில் கேட்டார். "ஆமாங்க, எம்புள்ளதான்" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

ஊர் திரும்பியபோது எதிரே கட்டடம் முடிந்து, அந்தக் குடும்பங்கள் சாமராஜநகருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தன. மகளின் முகம் வாடிப்போனது. மேஸ்திரியிடம் இடத்தை விசாரித்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் பஸ் ஏறினோம்.

பிள்ளைகள் பதக்கத்தைப் பிடுங்கி ஆளுக்கு ஒரு முறை கழுத்தில் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சிறுமி மட்டும் என் மகளின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"அக்கா, நான் இங்க ஸ்கூல்ல சேந்துட்டேன்."

"யாரு சேத்துவிட்டாங்க?"

"அப்பா வந்தாரு. ஆனா அவருக்குக் கன்னடம் வரல. நாந்தான் டீச்சர்கிட்ட, 'நானு ஓதபேக்கு மிஸ், சேர்ஸ்கொள்ளி'ன்னு கேட்டேன். தம்பியையும் சேத்துக்கிட்டாங்க!"

படிக்க வேண்டும், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் குழந்தை தானே கேட்டிருக்கிறது. என் மகள் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் தன் அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் பதக்கத்தைப் பற்றிக் கேட்டார் போலிருக்கிறது.

"அது பையில இருக்குப்பா. நான் சொல்றதக் கேளுங்க. அவளே போய்ப் பேசி சேந்திருக்கா!"