மூணாவது சிலிண்டரும் நாலு மணி யாவாரியும்

நாலு மணிக்கு யாவாரி வாரான்னு எங்க வீட்டுக்காரவிய சொன்னாவ. பழைய காரை வாங்கிப் பிரிச்சு விக்குத யாவாரி. அவனுக்குப் போகப் போறது என் கார். சங்கரன்கோவில்ல பொம்பளைகளுக்கு டிரைவிங் சொல்லிக் கொடுக்கேன், இந்த ஒரே காரை வச்சுத்தான். என் கால் பக்கமும் ஒரு பிரேக்கு, ஒரு கிளட்சு வச்ச மூணு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. அது போச்சுன்னா என் க்ளாஸும் போச்சு.

ஒரு வாரமா வண்டியில இழுவையே இல்ல. சும்மா நிக்கும்போது உதறுது, ஏத்தத்துல முக்குது. கரிவலத்துலேருந்து எங்கிட்டப் படிக்க வார பிள்ளை முந்தின நாள் ஏத்தத்துல வண்டி அணைஞ்சு போயி அழுதே போட்டா. யாவாரி வாரதுக்கு மறுநா காலையில அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். ஏற்கெனவே ஒருக்க ஃபெயிலானவ. அன்னைக்குக் காலையில யாவாரி ஒருக்க வந்து ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிச்சுப் பாத்துட்டு, "கம்ப்ரஷன் இல்ல, ரிங்கு தேஞ்சு போச்சு, இஞ்சின் அவ்வளவுதான்"னு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரவியளும் அதை நம்பிட்டாவ.

"ஏட்டி, அவன் எத்தன வண்டியப் பிரிச்சவன் தெரியுமா?"ன்னாவ.

"பிரிக்கதுக்குத்தான வாரான். நல்லா இருக்குன்னா சொல்லுவான்?"னு கேட்டேன்.

கேட்ட வேகத்துல மெக்கானிக் கடைக்குப் போயி கம்ப்ரஷன் கேஜை இரவல் வாங்கிட்டு வந்தேன். வீடியோவுல பலதடவ பாத்திருக்கேன், கையால செஞ்சதில்ல. இஞ்சினுக்குள்ள பிஸ்டன் காத்தை அமுக்கும். அந்த அமுக்கம் கசியாம நின்னாத்தான் வண்டிக்கு உசுரு. வாஷர் போன குக்கர்ல ஆவி ஒழுகுத மாதிரி ஒழுகுச்சுன்னா அடுப்பு எரியும், பருப்பு வேகாது. எங்க ஒழுகுதுன்னு அந்தக் கேஜை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம். எனக்குக் கை பரபரன்னு வந்துச்சு.

வண்டியக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைச்சுட்டு, மூணு பிளக்கையும் கழத்தினேன். பிளக்குக்குக் கரண்டு போகாம வயரை உருவிவிட்டேன். முதல் ஓட்டையில கேஜைத் திருகிட்டு அவியள டிரைவர் சீட்டுல உக்கார வச்சேன். "ஆக்ஸிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டுச் சாவியத் திருப்புங்க. நான் சொன்னாத்தான் விடணும்"னேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்ல அவிய கேட்டது அன்னைக்குத்தான்.

முள்ளு விறுவிறுன்னு நூத்தம்பதைத் தாண்டுச்சு. ரெண்டாவது சிலிண்டரும் அதே கணக்கு. மூணாவது மட்டும் அறுபதுலேயே நொண்டிக்கிட்டு நின்னுச்சு. எனக்குப் பயம் போயி சந்தோசம் வந்துட்டு. ஓடி ஓடித் தேஞ்சதுன்னா மூணும் சேந்துல்லா தேயும்? ஒண்ணு மட்டும் படுத்திருக்குன்னா அங்கன தனியா என்னமோ இருக்கு.

அடுத்தது ஆயில் சோதனை. மூணாவது ஓட்டையில சின்னக் கரண்டியால இஞ்சின் ஆயில் விட்டேன். பிஸ்டனைச் சுத்தியிருக்க ரிங்கு தேஞ்சு சந்து விட்டிருந்தா ஆயில் போயி அந்தச் சந்தை அடைச்சுக்கிடும், முள்ளு மேல ஏறும். ஏறுச்சுன்னா யாவாரி சொன்னது நெசம், வண்டி அவனுக்கு. தாயே கோமதி, ஏறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு "திருப்புங்க"ன்னேன். முள்ளு மேல ஏறல, அதே அறுபது. நான் வாசல்லயே குதிச்சுட்டேன்.

"கொறஞ்சு கெடக்குன்னு குதிக்குத ஆள இப்பத்தான் பாக்கேன்"னாவ.

ரிங்கு இல்லன்னா மிச்சம் கேஸ்கட்டு, இல்லாட்டி காத்துக்கும் புகைக்கும் தொறந்து மூடுத வால்வு. கேஸ்கட்டு போயிருந்தா ரேடியேட்டர்ல தண்ணி கொறையணும், இல்ல ஆயில்ல தண்ணி கலக்கணும்; ரெண்டும் இல்ல. அப்போ வால்வுதான்னு மேல் மூடியக் கழத்தினேன். ஒவ்வொரு வால்வுக்கும் அதை அமுக்குத இரும்புக் கைக்கும் நடுவுல ஒரு மெல்லிசுத் தகடு நுழையுத அளவுக்குச் சந்து இருக்கணும். அந்தச் சந்து இல்லன்னா வால்வு முழுசா மூடாது. மத்ததுல எல்லாம் தகடு நுழைஞ்சுச்சு. மூணாவதுல புகை வெளிய போகுத வால்வுல நுழையவே மாட்டேங்கு. அங்கன இருந்த நட்டுல ஸ்பானர் கீறின தடம் புதுசா பளபளன்னு இருக்கு.

"இதுல யாரு கை வச்சா?"ன்னு கேட்டேன்.

அவிய டிரைவர் சீட்டுலேருந்து எறங்கி வந்து, "நாந்தான்"னாவ.

அவியளுக்குத் தறிப் பட்டறை. பவர்லூம்ல எங்கயாவது லொடலொடன்னா நட்டு லூசுன்னு அர்த்தம், ஒரு இறுக்கு இறுக்கினா நின்னுரும். அதே நெனப்புல, அந்தச் சந்தால என் வண்டி போட்ட டக்டக் சத்தத்தையும் ஒரு வாரத்துக்கு முந்தி இறுக்கி நிப்பாட்டியிருக்காவ. "டீக்கடைக்காரன் உன் வண்டி வந்தா ரைஸ்மில்லு வருதுங்கான். எனக்கு அதைக் கேக்கச் சகிக்கல"ன்னாவ. கோவம் உச்சி வரைக்கும் ஏறுச்சு. அந்த முகத்தைப் பாத்தா பிரியமாவும் இருந்துச்சு.

நட்டைத் தளத்தி, தகடு நுழையுத அளவுக்குச் சந்து வச்சேன். ஆனா ஒரு வாரம் மூடாம ஓடின வால்வு. கருகியிருந்தா இவ்வளவும் வீண். கேஜை மறுபடி மாட்டிட்டு "ம்"னேன். முள்ளு அறுபதைத் தாண்டுச்சு, நூறைத் தாண்டுச்சு, நூத்து நாப்பதுக்கு மேல போயி நின்னுச்சு. நான் அழுதேன், அதையும் சொல்லிருதேன்.

நாலு மணிக்கு யாவாரி வரும்போது வண்டி உதறாம நின்னு ஓடிக்கிட்டிருக்கு, டக்டக்னு. காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, "என்ன அண்ணாச்சி, சத்தம் வருதே"ன்னான்.

"சத்தம் வந்தாத்தான் வே அது நல்ல வண்டி"ன்னு எனக்கு முந்தி அவிய சொன்னாவ.

மறுநா டெஸ்டுக்குத் தறிய நிப்பாட்டிட்டு அவியளும் வந்தாவ. கரிவலத்துப் பிள்ளைக்குப் பக்கத்துல ஆபீஸர் ஏறி உக்காந்துட்டாரு, நாங்க வெளிய நிக்கோம். வண்டி மதிலுக்கு அந்தப் பக்கம் போயி ஏத்தத்துப் பாதியில நின்னுச்சு, நிப்பாட்டி மறுபடி எடுக்கச் சொல்லியிருக்காரு. மறைப்புல வண்டி தெரியல, டக்டக் மட்டும் கேக்கு. அவிய என் கையப் பிடிச்சுக்கிட்டு, அந்தச் சத்தம் நின்னுரக் கூடாதுன்னு மூச்சு விடாம நின்னாவ.

நிக்கல. டக்டக்னு மேல ஏறிப் போச்சு.